பார்த்தாத் தெரியுது, மூடுனா வரமாட்டேங்குது

அக்கா மகள் சொன்ன ஒரு வார்த்தை ஒரு வருடத்துக்கும் மேலாக என்னை விட்டுப் போகவில்லை. 2024 பிப்ரவரியில் பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வு முடிந்து, இயற்பியல் தாளைத் திருத்திக் கொடுத்திருந்தார்கள். 40-க்கு 14. தாளைத் திண்ணையில் என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றாள். "படிக்கலையா கண்ணு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் படித்ததை நானே பார்த்திருக்கிறேன். மார்கழிக் குளிரில் நாலரை மணிக்கு எழுந்து, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் போட்டுப் படித்த பிள்ளை அவள். "நாலு வாட்டி படிச்சேன் மாமா. புக்கைப் பார்த்தா எல்லாந் தெரியுது. மூடுனா வரமாட்டேங்குது" என்றாள். அழவில்லை. ஒரு தகவலைப்போலச் சொன்னாள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஊர் எங்களுடையது. பகலில் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் பத்துப் பேர் வீட்டுக்கு வருவார்கள். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன் என்பதால் இயற்பியலும் வேதியியலும் என் பொறுப்பு. எட்டு வருடமாக இதைச் செய்கிறேன். இந்த எட்டு வருடத்தில் பரீட்சை நெருங்கும்போது நான் பிள்ளைகளிடம் அதிகமாகச் சொன்னது "இன்னொரு தடவை படி" என்பதுதான். மார்க் குறைந்து வந்தவனிடமும் அதையே சொன்னேன், நடுவில் நின்றவனிடமும் அதையே சொன்னேன். என் பேச்சைக் கேட்டு அப்படியே செய்த பிள்ளை இவள். அதற்குக் கிடைத்ததுதான் அந்த 14.

அவளுடைய நோட்டை அன்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். தலைப்புக்குச் சிவப்பு, சூத்திரத்துக்குப் பச்சை, விளக்கத்துக்கு நீலம், ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு. புத்தகத்தில் இருந்த எதுவும் விடுபடவில்லை. அதுவே என்னை யோசிக்க வைத்தது. எல்லாவற்றையும் கண்ணால் வாங்கிக் கையால் இறக்கி வைத்திருக்கிறாள். நடுவில் மனசு எந்த இடத்திலும் தடுக்கிய அடையாளம் இல்லை. ஓர் அடித்தல் இல்லை, ஒரு கேள்விக்குறி இல்லை. தினமும் காலை பொள்ளாச்சி பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒருவர் வருகிறார். பார்த்தால் எனக்குத் தெரியும், தலையாட்டுவேன். அவர் இல்லாத நாளில் அவருக்கு மீசை உண்டா இல்லையா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அடையாளம் தெரிவதும் நினைவிலிருந்து எடுப்பதும் இரண்டு வேலைகள். நாலாவது தடவை படிக்கும்போது வரி எல்லாம் பழகிய முகமாகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தைப் பிள்ளை அறிவு என்று நம்பிவிடுகிறது. நம்பச் சொன்னவன் நான்.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அதை நாலு சுற்றும் படித்தது. இன்னொரு கூட்டம் முதல் சுற்றில் மட்டும் படித்து, அடுத்த மூன்று சுற்றும் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: அவர்களுக்கு 83 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதைவிட என்னைத் தைத்தது வேறொன்று. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிகம் நினைவிருக்கும் என்று நம்பியவர்கள் நாலு தடவை படித்தவர்கள்தான். அதாவது, எங்கள் வீட்டுப் பிள்ளை தூணில் சாய்ந்து சொன்னது.

பில் புத்தகத்தின் பின்பக்கம்

மறுநாள் சாயங்காலம் மற்றப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டேன். கடையில் பழைய பில் புத்தகங்கள் நிறைய உண்டு, பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து, "புக்கை உள்ள வெச்சுட்டு வா. மின்னோட்டத்தோட வெப்ப விளைவு. உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் எழுது. அழகா எழுத வேண்டாம்" என்றேன். பத்து நிமிடம் ஆனது. நாலு வரி வந்தது. அதில் இரண்டு சூத்திரம். எச் ஈக்குவல் டு ஐ ஸ்கொயர் ஆர் டி. எச் ஈக்குவல் டு வி ஸ்கொயர் டி பை ஆர். (எச் வெப்பம், ஐ மின்னோட்டம், ஆர் மின்தடை, வி மின்னழுத்தம், டி நேரம்.) இரண்டும் சரி. பிள்ளைகள் இதைப் பாட்டாகவே பாடுவார்கள்.

"சரி, மின்தடை கூடுனா சூடு கூடுமா, குறையுமா?" என்றேன். முதல் சூத்திரத்தைப் பார்த்து, "கூடும்" என்றாள். பிறகு கண் கீழே இறங்கியது. இரண்டாவதில் ஆர் அடியில் இருக்கிறது. "குறையும்" என்றாள். பேனாவை வைத்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். ஐந்து மாதமாக இரண்டு சூத்திரமும் அவளுடைய நோட்டில் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, பச்சை மையில் கட்டம் கட்டி இருந்தவை. ஒன்று மற்றொன்றுடன் முட்டுகிறது என்று நோட்டு ஒருநாளும் அவளிடம் சொல்லவில்லை. புத்தகம் திறந்திருக்கும்போது அது சொல்லவும் சொல்லாது. அடுத்த வரி தயாராக இருக்கும்போது யாருக்கும் நிற்கத் தோன்றாது.

அன்றைக்கு நான் பதிலைச் சொல்லவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு அண்ணனிடமிருந்து, கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்ட வைத்திருந்த பழைய குண்டு பல்புகள் இரண்டு வாங்கி வந்தேன். ஒன்று 100 வாட், ஒன்று 40 வாட். பலகையில் ஹோல்டர் அடித்து, மெயினை அணைத்துவிட்டு, இரண்டையும் தொடராக இணைத்தேன். "எது நல்லா எரியும்?" பிள்ளைகள் அத்தனை பேரும் 100 என்றார்கள். அவள் மட்டும் வாய் திறக்கவில்லை. சுவிட்சைப் போட்டபோது 40 வாட் பல்பு எரிந்தது. 100 வாட் பல்பு எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தனியே வீட்டு லைனில் மாட்டிக் காட்டினேன். இப்போது 100 வாட்தான் கண்ணைக் கூசியது.

230 வோல்ட்டில் 100 வாட் பல்பின் மின்தடை 529 ஓம், 40 வாட் பல்புக்கு 1322.5 ஓம். தொடரில் இரண்டு வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் போக முடியும். அங்கே மின்தடை கூடிய பல்புதான் அதிகம் சூடாகும், ஐ ஸ்கொயர் ஆர் பேசும் இடம் அது. வீட்டு லைனில் ஒவ்வொரு பல்புக்கும் ஒரே 230 வோல்ட் கிடைக்கிறது. அங்கே மின்தடை குறைந்தது அதிக மின்னோட்டத்தை இழுக்கும், அதிகம் சூடாகும், அது வி ஸ்கொயர் பை ஆர். மின்தடை மாறும்போது எது மாறாமல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. (இந்தக் கணக்குக்கு மின்தடை மாறாது என்று வைத்துக்கொள்கிறோம். உண்மையில் இழை ஆறியிருக்கும்போது அதன் தடை குறைவு. 100 வாட் பல்பு சூடே ஏறாமல் கிடந்ததால் வித்தியாசம் கணக்கைவிடப் பெரிதாகத் தெரிந்தது.) இரண்டு சூத்திரத்துக்கும் சண்டை இல்லை என்று அவளே கடைசியில் சொன்னாள். எந்த வரியில் அவள் பேனா நின்றதோ அந்த வரியில்தான் அந்தப் பாடம் அவளுக்குத் தொடங்கியது.

450 டிகிரி

இதோடு முடிந்திருந்தால் "வாத்தியார் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்" என்று நானும் என்னைப்பற்றி நினைத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் இரண்டு நாள் கழித்து, வேதியியல் தாளை எடுத்து வைத்தபோது அவள், "நீங்களும் எழுதுங்க மாமா" என்றாள். மறுக்க ஒரு காரணமும் இல்லை. அவளுக்கு மோல் கருத்து. எனக்கு அவள் கொடுத்த தலைப்பு, அம்மோனியா தயாரிப்பு.

ஹேபர் முறை. எட்டு வருடமாக நடத்துகிறேன். உரக்கடையில் நிற்பவனுக்கு அம்மோனியா தூரத்துச் சங்கதியும் இல்லை. யூரியாவும் பேக்டம்பாஸும் தினமும் கை பார்க்கிற மூட்டைகள். அவற்றில் இருக்கும் நைட்ரஜன் எல்லாம் அம்மோனியா வழியாக வந்ததுதான். கடகடவென்று எழுதினேன். ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன், இரண்டு அம்மோனியா. 200 அட்மாஸ்பியர் அழுத்தம், 450 டிகிரி செல்சியஸ், இரும்பு வினையூக்கி. அழுத்தம் ஏன்? இடப்பக்கம் நாலு மூலக்கூறு, வலப்பக்கம் இரண்டு, அழுத்தினால் எண்ணிக்கை குறைந்த பக்கம் போகும். லெ ஷாட்லியே கொள்கை: சமநிலையில் எதை மாற்றினாலும் வினை அந்த மாற்றத்தைக் குறைக்கும் பக்கம் நகரும். அடுத்தது வெப்பநிலை. "வெப்பநிலையைக் கூட்டினால் அம்மோனியா கூடும், ஆகவே 450" என்று எழுதினேன். கை தயங்கக்கூட இல்லை.

அவள் தன் தாளை விட்டுவிட்டு என்னுடையதைப் படித்துக்கொண்டிருந்தாள். "மாமா, அது வெப்ப உமிழ் வினைதானே? கூட்டுனா பின்னாடிதானே போகும்?"

அந்த நிமிடத்தைப்பற்றிப் பல நாள் யோசித்திருக்கிறேன். அவள் சொன்னது சரி. அம்மோனியா உண்டாகும்போது வெப்பம் வெளியேறுகிறது. அப்படியானால் வெப்பநிலையைக் கூட்டக் கூட அம்மோனியா மறுபடி நைட்ரஜனும் ஹைட்ரஜனுமாக உடைவதுதான் அதிகமாகும். கொள்கைப்படி பார்த்தால் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். பிறகு ஏன் 450? எனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. கல்லூரியில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் எட்டு வருடமாக நான் பிள்ளைகளுக்கு "450, 200, இரும்பு" என்று மூன்று சொல்லாகவே கொடுத்து வந்திருக்கிறேன். கேள்வித்தாளுக்கு அது போதும். அந்த மூன்று சொல்லுக்கு அடியில் இருந்த காரணம் எப்போது கரைந்துபோனது என்று எனக்கே தெரியவில்லை. அந்த இடத்தில் மனசு ஒரு பொய்க் காரணத்தை வைத்து அடைத்திருந்தது. புத்தகத்தைத் திறந்து வைத்து நடத்தியவரை அது வெளியே வரவேயில்லை. என்னிடம் படித்துப்போன எத்தனை பிள்ளைகளுக்கு வாய்மொழியாக அந்தப் பொய்க் காரணத்தைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

"நீ சொல்றதுதான் சரி கண்ணு. எனக்கு இங்க ஓட்டை" என்று சொல்லி, அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டேன். இரண்டு பேரும் புத்தகத்தை எடுத்தோம். விடை நீளமில்லை. குளிர்ச்சியில் அம்மோனியா அதிகம் நிற்கும், ஆனால் வினை நடக்கவே நடக்காத அளவுக்கு மெதுவாகிவிடும். சூட்டில் வேகம் வரும், விளைச்சல் குறையும். வினையூக்கி வேகத்தை மட்டும்தான் கூட்டும், சமநிலையை ஒரு பக்கமாகத் தள்ளாது. இரும்பு வினையூக்கி நல்ல வேகத்தில் வேலை செய்யவும் விளைச்சல் அடியோடு போய்விடாமலும் இருக்கிற இடம் ஏறக்குறைய 450. இரண்டுக்கும் நடுவில் பார்த்துப் பேசி முடித்த விலை அது. ஹேபர் 1909-இல் மேசைமேல் செய்து காட்டியதை போஷும் மற்றவர்களும் தொழிற்சாலையாக்க 1913 வரை ஆனது. சரியான வினையூக்கிக்காக ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்தார்கள். ஓர் எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு இழுபறி இருந்தது தெரிந்த பிறகு அவள் அந்த 450-ஐ மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து பிள்ளைகள் எழுதும்போது நானும் எழுதுகிறேன். என் தாளையும் அவர்கள் பார்க்கலாம்.

சிவப்பு மை

மீதமிருந்தது மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. செய்தது அதிகமில்லை. ஒரு நாளைக்கு ஒரு தலைப்பு, மூடிய புத்தகம், ஒரு தாள், நீல மை. முடிந்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பில் சேர்க்க வேண்டும். மறுநாள் காலையில் சிவப்பை மட்டும் பார்க்காமல் எழுத வேண்டும். மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை. நீலத்தில் இருப்பதை மறுபடி தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அதுதான் சிரமமாக இருந்தது. தெரிந்ததைப் படிப்பது சுகம். தெரியாததன்மேல் உட்கார்வது வலி. பரீட்சைக்கு முந்தின வாரத்தில் நல்ல பிள்ளைகள்கூடத் தெரிந்த பாடத்துக்கே திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் அந்தச் சுகம்தான் என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் "முக்கிய வினாக்கள்" தொகுப்புகளை நான் தடுத்தேன். அவை இந்தச் சுகத்தை இன்னும் மலிவாக்கிக் கொடுக்கின்றன.

கணக்குகளுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. ஆடி, லென்ஸ் இரண்டும் அடுத்தடுத்த பாடம். ஆடிப் பாடம் நடக்கும் வாரத்தில் ஆடிக் கணக்கு எல்லாம் சரியாகப் போடுவார்கள், லென்ஸ் வாரத்தில் லென்ஸ் கணக்கு. பரீட்சையில் இரண்டும் ஒரே தாளில் வரும்போது எந்தச் சூத்திரத்தில் பிளஸ், எதில் மைனஸ் என்று குழம்பும். பழைய கேள்வித்தாள்களிலிருந்து 60 கணக்கைச் சீட்டில் எழுதி ஒரு சொம்பில் போட்டோம். குறிச்சீட்டு குலுக்குவதுபோலத் தினமும் ஐந்து எடுப்பார்கள். மோல் கணக்குக்குப் பின்னால் மின்திறன் வரும், அதற்குப் பின்னால் குழியாடி. எது எந்தப் பாடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் வாரம் எல்லோருக்கும் மார்க் குறைந்தது, சிலர் பழையபடி பாடவாரியாகப் போடலாம் என்று கேட்டார்கள். நான் விடவில்லை. ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்திருந்தேன். கன அளவுக் கணக்குகளை வகைவாரியாகப் போட்டவர்கள் பயிற்சியில் 89 விழுக்காடு சரியாகப் போட்டு, ஒரு வாரம் கழிந்த தேர்வில் 20-க்கு விழுந்தார்கள். கலந்து போட்டவர்கள் பயிற்சியில் 60, தேர்வில் 63. கணக்கைப் போடத் தெரிவதைவிட அது என்ன கணக்கு என்று கண்டுபிடிப்பதுதான் பரீட்சையில் பாதி வேலை.

ஒருநாள் சொம்பிலிருந்து அடுத்தடுத்து இரண்டு சீட்டு வந்தது. 30 சென்டிமீட்டர் தூரத்தில் பொருள், 20 சென்டிமீட்டர் குவியத் தூரமுள்ள குழியாடி. அதே 30, அதே 20, குவிலென்ஸ். யு பொருளின் தூரம், வி பிம்பத்தின் தூரம். ஆடிக்கு ஒன் பை வி பிளஸ் ஒன் பை யு, விடை மைனஸ் 60. லென்ஸுக்கு ஒன் பை வி மைனஸ் ஒன் பை யு, விடை பிளஸ் 60. இரண்டிலும் பிம்பம் தலைகீழ், இரண்டு மடங்கு, மெய். ஒரு பையன் கேட்டான், "ரெண்டும் மெய் பிம்பம்னா ஒண்ணு மட்டும் ஏனுங் மைனஸ்?" ஆடி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, லென்ஸ் தாண்டிப் போகவிடுகிறது. ஒன்றில் பிம்பம் பொருள் இருக்கும் பக்கமே, மற்றதில் அந்தப்பக்கம். இந்தக் கேள்வி ஆடி வாரத்திலும் வரவில்லை, லென்ஸ் வாரத்திலும் வரவில்லை.

தாதுக்களின் பெயர், உலோகங்களின் வினைத்திற வரிசை, கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிடும் விதி, இவற்றுக்கு இத்தனை யோசனை வேண்டாம். சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும்.

மூன்று பெயர்

எல்லைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமை உண்டு. பாடப்புத்தகத்தில் ஒளிவிலகல். பக்கத்திலிருக்கும் சித்தூரில் டியூஷனுக்குப் போனால், மலையாளத்தில் வீடியோ பார்த்தால், அபவர்த்தனம். அடுத்த வருடம் பிளஸ் ஒன் போனால் ரிஃப்ராக்ஷன். வினையூக்கி, உல்பிரேரகம், கேட்டலிஸ்ட். வெள்ளைத்தாள் எழுத ஆரம்பித்த பிறகுதான் இந்தக் குழப்பம் எவ்வளவு ஆழம் என்று கண்ணால் பார்த்தேன். ஒரு பெண் ஒளிவிலகலுக்கு ஒரு கட்டமும் அபவர்த்தனத்துக்கு வேறொரு கட்டமும் போட்டு, இரண்டுக்கும் தனித்தனி விளக்கம் எழுதியிருந்தாள். இரண்டு விளக்கமும் சரி. இரண்டும் ஒன்று என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. வாசலில் ஒரு டம்ளர் தண்ணீரில் பென்சிலைப் போட்டுக் காட்டி, "இது பேரு என்ன?" என்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு மூன்று பெயரையும் ஒன்றாகச் சொன்னாள். மூன்று மொழி தெரிந்த பிள்ளையைப் பலவீனமான பிள்ளை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவளுக்குத் தேவைப்பட்டது மூன்று பெயரையும் ஒரு பென்சிலில் கட்டிப்போட ஐந்து நிமிடம் மட்டும்.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் முதல் 15 நிமிடம் கூல் ஆஃப் டைம். எழுதக் கூடாது, கேள்வியைப் படித்து யோசிக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் அந்த நேரத்தில் தெரியாத கேள்வியைத் தேடிப் பயந்துகொள்கிறார்கள். நாங்கள் வீட்டிலேயே அதைப் பழகினோம்: ஒவ்வொரு கேள்வியும் எந்தப் பாடம், அங்கே எது மாறாமல் நிற்கிறது, இவ்வளவுதான் மனசில் குறிக்க வேண்டும். மார்ச் வெயில் காலை ஒன்பதரைக்கே ஓட்டைச் சுட்டுக்கொண்டிருந்த நாளில் அவள் இயற்பியல் எழுதிவிட்டு வந்தாள். எப்படி என்று கேட்டதற்கு, "ஒரு எடத்துல நின்னேன் மாமா, அப்புறம் போயிட்டேன்" என்றாள். இயற்பியலில் ஏ, வேதியியலில் பி பிளஸ். அக்காவுக்கு ஏ பிளஸ் இல்லையே என்று குறை இருந்தது. எனக்கு இல்லை.

பிளஸ் ஒன் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கையில் பில் புத்தகத்துத் தாள். போகும்போது கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தாள். தலைப்பில் திசைவேகம், பிரவேகம், வெலாசிட்டி என்று மூன்றும் எழுதியிருந்தது. கீழே மேல்நோக்கி எறிந்த பந்தின் படம். உச்சியில் ஒரு புள்ளி, புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"மேல போய் நிக்கற எடத்துல திசைவேகம் சைபர். அப்ப முடுக்கமும் சைபர்தானே வரணும்? இல்லைங்கறாங்க. இங்க நிக்குது மாமா."

அவள் தாளை வாங்கிப் பார்த்தேன். பிறகு உள்ளே போய் பில் புத்தகத்தை எடுத்து வந்து, ஒரு தாளை அவளுக்குக் கிழித்துக் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒன்று கிழித்துக்கொண்டேன்.